சீட்டு வாங்காத நோயாளி

இருசம்மாள் தரை துடைக்கும்போது பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களை எழுந்திருக்கச் சொல்லமாட்டாள். காலை மட்டும் கொஞ்சம் தூக்கச் சொல்வாள். சட்டென்று தூக்குகிறவர்கள், முனகிக்கொண்டே தூக்குகிறவர்கள், "இப்பதான ஒருவாட்டி துடைச்ச" என்று எரிந்து விழுகிறவர்கள், இவர்களையெல்லாம் விட்டுவிட்டு நகர்ந்துவிடுவாள். சொன்னது காதில் விழுந்தும் காலைத் தூக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் சிலர் உண்டு. அவர்கள் பக்கத்தில் மாப்புக் கட்டையை ஊன்றிக்கொண்டு நின்றுவிடுவாள்.

"இன்னா பண்ணுது?" என்பாள்.

கேட்பது அவள் வேலை அல்ல. அந்தப் பெரிய அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் அவளுக்கு ஒப்பந்தத் துப்புரவு வேலை. தரை துடைப்பது, கழிவு வாளிகளை மாற்றுவது, ரத்தமும் வாந்தியும் கிடந்தால் மண் தூவி அள்ளுவது. நோயாளியிடம் பேச்சுக் கொடுக்கக்கூடாது என்று சூப்பர்வைசர் பலமுறை சொல்லியிருந்தார். அவளும் பலமுறை தலையாட்டியிருந்தாள்.

வயது நாற்பத்தேழு. பழவேற்காட்டு ஏரிக்கரையில் அவள் குப்பம். அங்கிருந்து விடிகாலை பஸ்ஸில் பொன்னேரி, பொன்னேரியிலிருந்து மின்சார ரயில், இறங்கி ஒரு ஷேர் ஆட்டோ. ரயிலில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே தூங்கப் பழகியிருந்தாள். முன்பு கூடையோடு ஏறிய நாட்களில் மீன் வாடைக்கு நகர்ந்து உட்கார்ந்தவர்கள் இப்போது பினாயில் வாடைக்கு நகர்ந்து உட்கார்ந்தார்கள். சாயங்காலம் வீடு திரும்பும்போது கால் இரண்டும் கெண்டைக்குக் கீழே அவளுடையவையாக இருக்காது. சோற்றைத் தட்டில் போட்டுவிட்டு, சாப்பிடுவதற்கு முன் கொஞ்ச நேரம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். சில நாள் சோறு அப்படியே ஆறிப்போகும்.

அந்த அவசரப் பிரிவின் பெஞ்சில்தான் அவள் புருஷன் செங்கல்வராயன் செத்துப்போனான்.

நான்கு வருஷத்துக்கு முன்னால், ஒரு புதன்கிழமை பகலில். காலையில் வலையை உதறிக்கொண்டிருந்தவன் நெஞ்சு அடைக்கிறது என்றான். கஷாயம் குடித்தான், வெற்றிலை மென்றான். பத்து மணிக்கும் அடைப்பு விடவில்லை. உள்ளூர் நர்ஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாள். ஆட்டோ வைத்துக்கொண்டு இரண்டு பேரும் வந்தார்கள். அப்போது அங்கே டோக்கன் முறை. அவன் கையில் நாற்பத்தொன்று.

ஏரியில் மீன் நன்றாக ஓடும் இடங்கள் கொஞ்சம்தான். எல்லாரும் அங்கேயே வலை கட்டப் போனால் வெட்டுக்குத்தில் முடியும். அதனால் குப்பத்து ஆண்களின் பெயரை எழுதிக் குலுக்கிப் போட்டு, இன்றைக்கு இன்னார், நாளைக்கு இன்னார் என்று முறை வைத்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். தன் பாடு வராதவன் அந்த இடத்துப் பக்கம் தோணியைத் திருப்பமாட்டான். ஒரு வீட்டில் சாவோ பெரிய நோவோ வந்துவிட்டால், வேறொருவன் தன் பாட்டை அவனோடு மாற்றிக்கொண்டு விட்டுக்கொடுப்பான். கொடுத்தது பின்னால் கட்டாயம் திரும்பி வரும். அதற்கு எழுத்தும் இல்லை, சாட்சியும் இல்லை. செங்கல்வராயன் இருபத்தைந்து வருஷம் அப்படி வாழ்ந்தவன்.

அவன் பக்கத்தில் ஒரு பெண், வெந்நீர் கொட்டிய கையோடு அலறும் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் எண் ஐம்பத்தெட்டு.

"குடுத்துடுய்யா, பாவம், பச்ச மண்ணு" என்றாள் இருசம்மாள்.

அவனும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தான் போல. சொல்லி முடிப்பதற்குள் டோக்கனை நீட்டிவிட்டான். அந்தப் பெண் தன் டோக்கனை அவன் கையில் திணித்துவிட்டு ஓடினாள். இருசம்மாள் அவனுக்குச் சோடா வாங்க வெளியே போனாள். திரும்பி வந்தபோது ஐம்பத்திரண்டு என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் தலையைச் சுவரில் சாய்த்திருந்தான். வலி விட்டுத் தூங்குகிறான் என்று நினைத்துக்கொண்டாள். எழுப்ப மனம் வரவில்லை. சோடா பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். ஐம்பத்தெட்டு என்று கூப்பிட்டபோதுதான் அவன் தோளைத் தொட்டாள்.

குழந்தைக்கு விட்டுக்கொடுத்ததில் அவளுக்கு எந்த வருத்தமும் இல்லை. தான் சொன்ன வார்த்தையைப் பற்றி உண்டு. அதை யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் நாள் போகப்போக வேறொன்றுதான் அவளை அரித்தது. அன்றைக்கு அந்த பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு யாராவது ஒருவர், ஒரே ஒரு தடவை, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்திருந்தால் போதும். டாக்டராக இருக்க வேண்டியதில்லை. நடந்து பார்த்திருந்தால் போதும். அப்படி யாரும் நடக்கவில்லை.

சாவுச் சான்றிதழுக்காக அவள் நான்கு நாள் அந்த மருத்துவமனைக்கு அலைந்தாள். இந்த ஜன்னலிலிருந்து அந்த ஜன்னலுக்கு, அங்கிருந்து சாப்பாட்டு நேரம் முடியும்வரை மரத்தடிக்கு. அவசரப் பிரிவு வாசலில் காவலுக்கு நிற்கும் சாலமன்தான் அவளைப் பார்த்துப் பார்த்து, "எக்கா, டெய்லி வர. வரதுதான் வர, சம்பளத்தோட வாயேன். ஆள் பத்தலன்னு சூப்பர்வைசர் பேஜாராவுறாரு" என்றான். வேடிக்கையாகத்தான் சொன்னான். அவள் மறுநாளே சேர்ந்துவிட்டாள்.

வேறு வழியும் இல்லை. ஒரே மகள் எளாவூரில் வாழ்க்கைப்பட்டுவிட்டாள். குப்பத்தில் பாடு முறையைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் சம்பந்தம், செங்கல்வராயனுக்குப் பெரியப்பன் முறை. இருசம்மாளுக்கு மாமா. அவரிடம் போய்ப் புருஷன் பாட்டை ஆள் வைத்துச் செய்துகொள்ளட்டுமா என்று கேட்டாள்.

"ஆம்பள இல்லாத வூட்டுக்குப் பாடு இல்ல இருசா" என்றார் அவர். "எங்கண்ணன் செத்தப்ப எங்கண்ணிக்கும் இதான் சொன்னேன். ஒனக்கு ஒண்ணு, அவங்களுக்கு ஒண்ணுன்னு சொல்ல என்னால ஆவாது."

அது உண்மைதான். சம்பந்தம் தன் சொந்த மருமகனுக்குக்கூட ஒரு நாள் முந்திக் கொடுத்ததில்லை. அவள் திரும்பி வந்துவிட்டாள்.

துப்புரவு வேலைக்கு வந்த மூன்று மாதத்தில் அந்த அவசரப் பிரிவு எங்கெங்கே அடைத்துக்கொள்கிறது என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஏரிக்கரையில் அவள் இருபது வருஷம் இறங்குதுறையில் மீன் பிரித்தவள். தோணி கவிழ்த்துப் போட்ட குவியலில் எது முதலில் ஏறியது, எது பின்னால் ஏறியது என்று எந்தப் பெண்ணும் பார்ப்பதில்லை. வெயில் ஏறுகிறது, ஐஸ் கொஞ்சம்தான் இருக்கிறது, எது முதலில் கெடும் என்றுதான் கை போகும். இறால் முதலில். நண்டு உயிரோடு கிடந்தால் கிடக்கட்டும். ஆண்கள் முறை பார்ப்பார்கள், பெண்கள் கெடுவதைப் பார்ப்பார்கள். இதை அவள் ஒரு தடவை சாலமனிடம் சொல்லப்போக, அவன் ஒரு வாரம் அவளை விடவில்லை. "எக்கா, நா இன்னா மீனு? கருவாட்லயாவது சேத்துக்கோ" என்று வாசலிலேயே நிறுத்திக் கேட்பான்.

"நீ கருவாட்ல இட்ட உப்பு. கெடவே மாட்ட, போடா" என்பாள்.

சத்யா என்கிற இளம் டாக்டர் அந்தப் பிரிவுக்குப் பொறுப்பாக வந்தது போன வருஷம். வந்த முதல் வாரமே அவள் கையில் கடிகாரத்தையும் ஒரு நோட்டையும் வைத்துக்கொண்டு மூன்று நாள் நின்றாள். நோயாளி வாசலில் நுழைவதிலிருந்து ஒரு டாக்டரோ நர்ஸோ அவரைத் தொட்டுப் பார்ப்பதுவரை எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்தாள். சராசரி எழுபது நிமிஷம். அதைப் பார்த்துவிட்டு அவள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது இருசம்மாள் அங்கே வாளியை மாற்றிக்கொண்டிருந்தாள்.

"யம்மா, நீங்க கடியாரத்தையே பாத்துகினு கீறீங்க. அதுல இன்னா தெரியும்? சீட்டு குடுக்கற எடத்தாண்ட போய் நில்லுங்க."

"ஏன், அங்க என்ன?"

"சீட்டு வாங்கப் போறவன் ஒருத்தன், நோவாளி ஒருத்தரு. சீட்டு கவுண்டரு அந்தக் கோடில கீது. அவன் வாங்கியாற வரிக்கும் இங்க படுத்துகினு கீற ஆளுக்குப் பேரே இல்ல. பேரு இல்லாத ஆள யாரு தொடுவாங்க?"

டாக்டர் நோட்டைத் திறந்தாள். "வேற?"

"காலைல மேல வார்டுல ஆறு கட்டிலு காலியாதான் கெடக்குது. விரிப்பு இல்ல. சலவைலேர்ந்து விரிப்பு பதினோரு மணிக்குத்தான் வருது. அது வரிக்கும் மேல போவ வேண்டிய ஆறு பேரும் இங்கயே படுத்துகினு கீறாங்க. புச்சா வரவங்க பெஞ்சில குந்திகினு கீறாங்க. ஆறு விரிப்ப முந்தின நாளே மேல எடுத்து வெச்சா இன்னா?"

மறு வாரமே விரிப்புகள் முந்தின நாள் சாயங்காலம் மேலே போய்விட்டன. யாரும் விழா எடுக்கவில்லை. காலை ஒன்பது மணிக்கே கீழே ஆறு கட்டில் காலியானது, அவ்வளவுதான். பிறகு சத்யா மேலதிகாரிகளிடம் பேசி ஒரு மாதத்துக்கு ஒரு சோதனை ஏற்பாட்டுக்கு அனுமதி வாங்கினாள். வாசலில் ஒரு நர்ஸ் நிற்பாள். வருகிற ஒவ்வொருவரையும் சீட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் உடனே பார்ப்பாள். கையில் ஒரு நாடா கட்டுவாள். சிவப்பென்றால் நேராக உள்ளே, மஞ்சள் என்றால் அடுத்தபடி, பச்சை என்றால் காத்திருக்கலாம். அரை மணிக்கு ஒருமுறை பெஞ்சு வரிசையில் நடந்து மறுபடியும் பார்ப்பாள். மாத முடிவில் காத்திருக்கும் நேரம் குறைந்தால் ஏற்பாடு தொடரும். இல்லாவிட்டால் நர்ஸை உள்ளே அனுப்பிவிட்டுப் பழையபடி டோக்கன்.

வாசலுக்கு வந்தவள் அம்பிகா. பத்து வருஷ அனுபவம், குறைந்த பேச்சு. அவள் முதல்முறை பெஞ்சு வரிசையில் நடந்ததை இருசம்மாள் கழிப்பறை வாசலில் நின்று பார்த்தாள். ஒவ்வொரு முகமாகக் குனிந்து பார்த்துக்கொண்டு போனாள் அம்பிகா. கோடிவரை போய்த் திரும்பினாள். இருசம்மாள் மாப்பைப் பிழிந்த வாளியோடு கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வர அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

மூன்றாவது வாரம் இரண்டு நர்ஸுகள் காய்ச்சலில் படுத்தார்கள். உள்ளே ஆள் இல்லை என்று அம்பிகாவை எடுத்துக்கொண்டார்கள். "ரெண்டு நாள்தான்" என்றார்கள். நான்கு நாள் ஆனது. மூன்று நிற நாடாக்களும் சாலமன் மேசையில் ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடந்தன. காத்திருக்கும் நேரம் மறுபடி ஐம்பது, அறுபது நிமிஷம் என்று ஏறத் தொடங்கியது. மாத முடிவுக்கு ஒன்பது நாள் இருந்தது.

இருசம்மாள் தரையை அடிக்கடி துடைக்க ஆரம்பித்தாள். அரை மணிக்கு ஒருமுறை. தரை பளபளத்தது. சூப்பர்வைசர் அவளை மற்றவர்களிடம் உதாரணமாகச் சொன்னார்.

"அக்கா, யார் மேலயாவது சந்தேகமா இருந்தா ஓடி வந்து என்னக் கூப்பிடு" என்று அம்பிகா சொல்லியிருந்தாள். "நீயா நாடா மட்டும் கட்டாத. ஏதாவது ஒண்ணுன்னா உன்ன உண்டு இல்லன்னு பண்ணிடுவாங்க."

"எனுக்கு எதுக்கு சிஸ்டர் அதெல்லாம்" என்றாள் இருசம்மாள்.

அந்தத் திங்கட்கிழமை கூட்டம் வழிந்தது. ஞாயிற்றுக்கிழமை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திங்கட்கிழமைதான் வருவார்கள். பத்தரை மணிக்கு அவள் பெஞ்சு வரிசையில் பாதி தூரம் துடைத்துக்கொண்டு வந்தபோது ஒரு பழக்கப்பட்ட குரல் கேட்டது.

"இன்னாம்மா இருசா, நீ இங்கதான் கீறியா?"

சம்பந்தம். வலது கை முழங்கைவரை வீங்கி, துண்டில் தொங்கியது.

"கை இன்னாச்சி மாமா?"

"கெளுத்தி முள்ளு. மூணு நாளாச்சி. மஞ்ச வெச்சி கட்டினேன், கேக்கல." அவர் குரலைத் தாழ்த்தவில்லை. "அது கெடக்கட்டும். நா வந்து ஒண்ணர மணி நேரமாவுது. சீட்டு வரிசைலயே ஒரு மணி பூட்சி. எனுக்கு அப்பால வந்தவன் மூணு பேரு உள்ள போய்ட்டான். இன்னா பாடு இது? யாரு முறை வெச்சது இங்க?"

வாசலிலிருந்து சாலமன் பதில் சொன்னான். "முறை இல்ல பெரியவரே. உசுருக்கு அவசரம்னு தெரிஞ்சா உள்ள இட்டுனு போயிடறாங்க."

"அத நீ பாத்தியா? தொப்பி மாட்டினா டாக்டரா நீ?"

பெஞ்சில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். "தொப்பி ஆஸ்பத்திரி குடுத்தது பெரியவரே, மூள எங்கப்பன் குடுத்தது" என்றான் சாலமன்.

"ஒங்கப்பன் கஞ்சன் போலக்குது" என்றார் சம்பந்தம். இப்போது பெஞ்சு முழுக்கச் சிரித்தது. சாலமனும் சிரித்துவிட்டான்.

சிரிக்காதவள் ஒருத்திதான். சம்பந்தத்தின் பின்னால், மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள் அவர் மனைவி பவுனம்மாள். இருசம்மாளும் அவளும் ஒரே தார்ப்பாயில் உட்கார்ந்து வருஷக்கணக்காக இறால் பிரித்தவர்கள். பவுனம்மாள் வாய் ஓயாதவள். மீனைப் பேசுவாள், மீன்காரனைப் பேசுவாள், மருமகள்களைப் பேசுவாள், யாரும் இல்லாவிட்டால் தராசைத் திட்டுவாள். புருஷன் கை வீங்கி நிற்கும் இந்த இடத்தில் அவள் இந்நேரம் நாலு பேருக்குக் கெளுத்தி முள்ளின் கதையைச் சொல்லி முடித்திருக்க வேண்டும்.

"இன்னா அத்த, வாயத் தொறக்க மாட்டேன்ற?"

"ஒண்ணுமில்லடி. வாயு. காலைலேர்ந்து ஒண்ணும் துன்னல." அவள் மூச்சு வாங்கினாள். "தாவாங்கட்ட வலிக்குது. பல்லுதான்னு நெனைக்கிறேன்."

"குந்துறதுதான?"

"குந்தினா இன்னும் அடைக்குது. நீ ஒங்க மாமன பாரு. அவருக்குத்தான் சீட்டு. அவருக்கு ஆவட்டும், அப்பால எனுக்கு ஒரு சோடா வாங்கிக் குடு."

மின்விசிறி நேராக அவள் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்தது. ஆனால் அவள் கழுத்தும் மேலுதடும் நனைந்திருந்தன. இருசம்மாள் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். ஈரமாக, சில்லென்று இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை அவளால் வரிசையாகச் சொல்ல முடிந்ததில்லை. மாப்புக் கட்டை கீழே விழுந்த சத்தம் ஞாபகம் இருந்தது. பிஸ்கட் டப்பாவிலிருந்து சிவப்பு நாடாவை இழுத்தது, பவுனம்மாள் கையில் போட்ட முடிச்சு நழுவி மறுபடியும் போட்டது, சாலமன் "எக்கா, வேணாங்க்கா, சிஸ்டர கூப்புடு" என்றது. வாசலில் ஒரே ஒரு தள்ளுவண்டி காலியாக இருந்தது. அது பைக்கிலிருந்து விழுந்து கால் ஒடிந்த சிவகுமார் என்பவனுக்காக நிறுத்தியிருந்த வண்டி. அவன் அண்ணன் அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"வண்டிய வுடுப்பா."

"இன்னாது வுடறது? எந்தம்பிக்குன்னு நிறுத்தி வெச்சது. நீ பெருக்கற வேலைய பாரு."

"வுடுடா!" என்றாள். அப்படி ஒரு குரல் தனக்கு இருப்பது அவளுக்கே தெரியாது. அவன் கையை எடுத்துவிட்டான்.

பவுனம்மாள் படுக்க மறுத்தாள். "ஐயே, எல்லாரும் பாக்கறாங்கடி. நா இன்னா நோவாளியா? எம்பேருல சீட்டே வாங்கலியே." இருசம்மாளும் சாலமனுமாக அவளைத் தூக்கிப் போட்டார்கள். பையை மட்டும் அவள் விடவில்லை.

உள்ளே அம்பிகா ஒரு ஆளுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். "சீட்டு எங்க? பேரு என்ன?" என்றாள் தலை நிமிராமல்.

"பேரு பவுனம்மா. சீட்டு இல்ல. வேர்த்துக் கொட்டுது, தாவாங்கட்ட வலின்றா. சக்கர வியாதி கீது. சிஸ்டர், நிமிந்து பாருங்க சிஸ்டர்."

அம்பிகா நிமிர்ந்து பார்த்தாள். ஒரே பார்வைதான். பிறகு டாக்டரைக் கூப்பிட்ட விதத்தில் எல்லாரும் திரும்பினார்கள். திரை இழுத்தார்கள். நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். மாத்திரைகளை வாயில் போட்டு மென்று விழுங்கச் சொன்னார்கள். மெஷினிலிருந்து ஓடி வந்த காகிதத்தைப் பார்த்துவிட்டு சத்யா, "அட்டாக். எப்பலேர்ந்து?" என்றாள். யாருக்கும் தெரியவில்லை. பவுனம்மாள்தான் திரைக்குள்ளிருந்து மெல்லிய குரலில் சொன்னாள், "பஸ்ஸு ஏறக்குள்ளயே."

"வீட்டுக்காரர் எங்க?" என்று சத்யா கேட்டாள்.

இருசம்மாள் வெளியே வந்து பார்த்தாள். பெஞ்சில் சம்பந்தம் இல்லை. வாசலில் இல்லை. சாலமன் கையைக் காட்டினான். அந்தக் கோடியில், சீட்டு கவுண்டர் வரிசையின் கடைசியில் அவர் நின்றுகொண்டிருந்தார். ஒரு கை துண்டில் தொங்கியது. மறுகையில் பவுனம்மாள் விட்டுப்போன ஜோடிச் செருப்பு.

"முன்னால போங்கன்னு நானும் சொல்லிட்டேங்க்கா. கேக்க மாட்டேன்றாரு" என்றான் சாலமன்.

அவள் ஓடினாள். "மாமா, உள்ள வாங்க. டாக்டரம்மா கூப்புடறாங்க."

"அவளுக்கு சீட்டு வாங்கல இல்ல" என்றார். அவர் முகத்தில் இரத்தமே இல்லை. "சீட்டு இல்லாம இன்னா பண்ணுவாங்க? வாங்கியாறேன். எனுக்கு முன்னால பன்னண்டு பேரு கீறாங்க."

"பன்னண்டு பேரும் நிப்பாங்க மாமா. நீங்க வாங்க."

"அவங்கல்லாம் இன்னா சும்மாவா வந்து நிக்கறாங்க? அவங்களுக்கும் வூட்ல யாருக்கோ இன்னாவோ."

அவர் அகராதித்தனமாகச் சொல்லவில்லை. அவருக்கு அந்த வரிசையைத் தவிர வேறு எதையும் பிடித்துக்கொள்ளத் தெரியவில்லை. இதே மாதிரி மரியாதையாக உட்கார்ந்திருந்த ஒருவனை இருசம்மாளுக்குத் தெரியும்.

அவள் பெரியவரின் சட்டையை நெஞ்சுப் பக்கம் கொத்தாகப் பிடித்தாள். அவர் வயசுக்கு, அவர் இருக்கும் இடத்துக்கு, குப்பத்தில் எந்தப் பெண்ணும் நினைத்தும் பார்க்காத காரியம்.

"மாமா, இது ஏரி இல்ல" என்றாள். "இங்க குடுத்தது திரும்பி வராது. வா."

அவர் வந்தார். செருப்பைக் கீழே விடாமல், இழுத்த இழுப்புக்கு வந்தார்.

இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டு, மதியம் மூன்று மணிக்கு ஆம்புலன்ஸில் பவுனம்மாளை நகரத்து இருதய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். இன்னும் அரை மணி போயிருந்தால் ஊசி போட்டும் பயனிருந்திருக்காது என்று சத்யா சொன்னாள். சம்பந்தத்தின் கையை அதற்குப் பிறகுதான் கீறிச் சீழ் எடுத்தார்கள். அவர் கத்தவில்லை. எந்த வரிசையில் எத்தனையாவது என்றும் கேட்கவில்லை.

கால் ஒடிந்த சிவகுமாருக்கு அடுத்த தள்ளுவண்டி வர நாற்பது நிமிஷம் ஆனது. அவ்வளவு நேரமும் அவன் வாசலில் தரையில் கிடந்து கத்தினான். அவன் அண்ணன் புகார் எழுதிக் கொடுத்தான். பெருக்குகிற பெண் தன் ஊர்க்காரிக்கு வண்டியைப் பிடுங்கிக் கொடுத்தாள், நாடா கட்ட அவள் யார் என்று எழுதியிருந்தான். அதில் பொய் எதுவும் இல்லை. இருசம்மாளுக்கு அந்த நாற்பது நிமிஷம் தெரியும். அவன் கத்தியது திரைக்கு உள்ளேயும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

வியாழக்கிழமை அவளை அலுவலக அறைக்குக் கூப்பிட்டார்கள். பொறுப்பு அதிகாரி மேசைக்குப் பின்னால் இருந்தார். சத்யா ஓரமாக நின்றாள்.

"உனக்கு இதுல என்ன பயிற்சி இருக்கு?" என்றார் அதிகாரி.

"ஒண்ணுமில்ல சார்."

"அப்புறம் எந்த தைரியத்துல சிவப்பு கட்டின? நீ கட்டினது தப்பா இருந்தா? நெஜமான சிவப்பு ஒருத்தர் அந்த வண்டிக்காகக் காத்திருந்தா?"

அவள் யோசித்தாள். "செத்திருப்பாங்க சார்" என்றாள்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"நா கட்டியிருக்கக் கூடாது சார். கட்ட வேண்டியவங்க அங்க இல்ல. நாலு நாளா இல்ல. நா தரைதான் துடைச்சேன். என்ன எடுத்துடுங்க, பரவால்ல. அங்க ஒரு சிஸ்டர போடுங்க. ரெண்டு நாளுன்னு சொல்லி எடுக்காதீங்க."

சத்யா தன் நோட்டை மேசைமேல் திறந்து வைத்தாள். நர்ஸ் வாசலில் நின்ற நாட்களில் முதல் பார்வைக்கு ஆன நேரம் சராசரி ஒன்பது நிமிஷம். எடுத்த பிறகு ஐம்பத்தாறு. அதிகாரி நோட்டைத் தன் பக்கம் இழுத்து அந்த இரண்டு எண்களையும் பார்த்தார். அவரும் களைத்த மனிதர்தான். இரண்டு ஆள் செய்ய வேண்டிய இடத்தில் ஒரு ஆளை வைத்துக்கொண்டு ஐந்து வருஷம் ஓட்டியவர்.

உத்தரவு சனிக்கிழமை வந்தது. மூன்று ஷிப்டிலும் வாசலில் ஒரு நர்ஸ் கட்டாயம் இருக்க வேண்டும். உள்ளே ஆள் குறைந்தாலும் அவரை எடுக்கக்கூடாது. துப்புரவுப் பணியாளர் யாரும் நாடா டப்பாவைத் தொடக்கூடாது. இருசம்மாளை அவசரப் பிரிவிலிருந்து மூன்றாம் மாடி பிரசவ வார்டுக்கு மாற்றியிருந்தார்கள்.

"அநியாயம்க்கா" என்றான் சாலமன். "நீ இல்லன்னா அந்தம்மா காலி. ஒன்னப் போய் மேல தூக்கிட்டானுங்க."

"மேல லிப்டு கீது இல்ல? கீது. அப்பறம் இன்னா" என்றாள்.

பவுனம்மாள் பதினோரு நாள் கழித்துக் குப்பத்துக்குத் திரும்பினாள். பாதி உடம்பாகிவிட்டிருந்தாள். குழாயடியில் இருசம்மாளைப் பார்த்ததும் குடத்தைப் பிடித்துக்கொண்டு நின்று, "ஊரு முன்னால வண்டில படுக்க வெச்சி எம்மானத்த வாங்கிட்டியே, கஸ்மாலம்" என்றாள். பிறகு கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "பையில நாலு இட்லி இருந்திச்சி. அன்னிக்கு எடுத்துகினு போனது. அத்த அங்கயே ஒரு நர்ஸு துன்னுட்டா தெரியுமா?" என்று தொடங்கி, தண்ணீர் நிற்கும்வரை பேசினாள். இருசம்மாள் குடம் நிரம்பி வழிவதைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். சம்பந்தம் எதிரே வந்தால் இப்போது ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போகிறார்.

பிரசவ வார்டில் வேலை அதிகம், ஆனால் வேறு மாதிரி. அங்கே காத்திருப்பவர்கள் எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அவள் துடைத்தாள், அள்ளினாள், அலசினாள். கால் வலி அப்படியே இருந்தது.

சோதனை மாதம் முடிந்து ஒரு வாரம் போயிருக்கும். ஷிப்டு முடிந்து கீழே இறங்கியவள் பின்வழியாகப் போகாமல் அவசரப் பிரிவு வழியாக நடந்தாள். சாயங்காலக் கூட்டம். பெஞ்சின் நடுவில் ஒரு ஆள் தலையைக் குனிந்து, முழங்காலில் கையூன்றி உட்கார்ந்திருந்தான். யாரோ "கொஞ்சம் நகருப்பா" என்றார்கள். அவன் நகரவில்லை. இருசம்மாளின் கால் தானாக நின்றது.

அவளுக்கு முன்னால் அங்கே ஒரு நர்ஸ் போய்விட்டாள். அம்பிகா அல்ல, இருசம்மாளுக்குப் பெயர் தெரியாத புதுப்பெண். அவன் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவன் முகத்தை நிமிர்த்தி, "அண்ணே, என்னப் பாருங்க. என்ன பண்ணுது?" என்று கேட்டாள். கேட்டுக்கொண்டே அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

அவர்கள் இருவருக்கும் இடைஞ்சல் இல்லாமல் சுவரோரமாக ஒதுங்கி இருசம்மாள் வெளியே வந்தாள். ஷேர் ஆட்டோவில் ஓர் இடம் இருந்தது. ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.